குருட்டுக் கெண்டையில் ஓட்டகரின் நாற்காலி

ஓட்டகர் பிலார் மார்ச் மாதம் காலமானார். எங்கள் மேசையைப் பொறுத்தவரை அதில் சந்தேகமே இல்லை. அவருக்காக முறைப்படி பீர் ஊற்றி, மூடி வைத்து, எழுந்து நின்றோம். மே மாதம் அவர் கைத்தடி ஊன்றிக்கொண்டு பீர்க்கடைக்குள் வந்தார். இரண்டில் எதைச் செல்லாது என்று சொல்வது என்பதில்தான் வில்லங்கம்.

ஓட்டகர் பல்செட்டு செய்கிறவர். டாக்டர் அல்ல. டாக்டர் முன்பக்கம் வெள்ளைக் கோட்டோடு வாயைப் பார்த்து அச்செடுத்து அனுப்புவார். ஓட்டகர் பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, முகம் பார்த்திராத அந்த வாய்க்குப் பல் செய்வார். பிராக் நகரத்துப் பழைய பகுதியில் ஐம்பது தாண்டிய யாராவது உங்களைப் பார்த்துச் சிரித்தால், அதில் ஓட்டகரின் கைவேலை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எங்கள் மேசையில் என்னைத் தவிர எல்லோருமே அவர் பல்லில்தான் பன்றி வறுவல் தின்றார்கள். எனக்கு என் சொந்தப் பற்கள் இருக்கின்றன. அதை அவர் ஒருவித அவமரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

அவரிடம் ஒரே ஒரு பழக்கம்தான் குறிப்பிடும்படியானது. எதைச் சொன்னாலும் 'இல்லை' என்பார். வெயில் என்றால் இல்லை. மழை என்றால் இல்லை. இருபது வருடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, எதற்கும் 'ஆமாம்' சொல்லும் ஒருவரோடு ஒஸ்ட்ராவாவுக்குப் போய்விட்டாள். போகும்போது, "நான் போறேன்" என்றாளாம். இவர் 'இல்லை' என்றாராம். அவள் போன பிறகும் கொஞ்ச நாள் அந்தக் கருத்திலேயே இருந்தார்.

வேலை முடிந்ததும் குருட்டுக் கெண்டைக்கு வருவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வேலை முடியும் நேரத்துக்கு வருவார். குருட்டுக் கெண்டை பழைய பீர்க்கடை. எவ்வளவு பழையது என்பது கேட்கிற ஆளைப் பொறுத்தது. சுற்றுலாப் பயணிகள் கேட்டால், ராஜா ஒருவர் மாறுவேடத்தில் வந்து குடித்துவிட்டுப் போன கடை. வரித்துறை கேட்டால், அண்மையில் பெரும் செலவில் செப்பனிட்ட கடை. உள்ளே கணப்படுப்புக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு மேசை. அது வாடிக்கையாளர்களுடையது. அங்கே நாற்காலி கிடைப்பது சுலபமல்ல. தலைமைப் பணியாளர் ஹினெக்கிடம் சொல்லிவைத்து, கழிப்பறைக் கதவோரம் இருக்கும் சின்ன மேசையில் உட்கார்ந்து குடித்தபடி காத்திருக்க வேண்டும். வட்ட மேசையில் யாராவது காலமானால் வரிசையில் முதல் ஆள் உள்ளே வருவார். வேறு வழியில் யாரும் வந்ததில்லை, போனதும் இல்லை.

அதற்கான சடங்கும் உண்டு. எங்கள் ஊரில் குவளை காலியானால் பணியாளர் கேட்காமலே அடுத்ததைக் கொண்டுவந்து வைப்பார். போதுமென்றால் வட்ட அட்டையை எடுத்துக் குவளைமேல் வைத்து மூட வேண்டும். உயிரோடு இருக்கும்வரை அதை நாமே செய்துகொள்கிறோம். எங்கள் மேசையில் ஒவ்வொருவருக்கும் கொக்கியில் ஒரு சொந்தக் குவளை உண்டு. ஒருவர் காலமானால், வீட்டிலிருந்து யாராவது வந்து அவருடைய குவளையைக் கேட்பார்கள். கேட்டாலே செய்தி புரிந்துவிடும். அதற்கு மேல் யாரும் எதுவும் விசாரிப்பதில்லை. துக்கத்தில் இருப்பவர்களைக் கேள்வி கேட்பது நாகரிகமல்ல. ஹினெக் ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைப்பார். அந்தக் குவளையில் பீர் நிறைத்து, காலி நாற்காலிக்கு முன்னால் வைத்து, அட்டையால் மூடுவார். நாங்கள் எழுந்து நிற்போம். கடை சாத்தும்வரை அதை யாரும் தொடக்கூடாது. பிறகு குவளை உத்தரத்துக்குக் கீழே இருக்கும் மேல்தட்டில் தலைகீழாகக் கவிழ்ந்துவிடும். வீட்டுக்குக் கொடுப்பதில்லை. வீட்டில் அதை வைத்து என்ன செய்வார்கள், பூ வைப்பார்கள்.

பிப்ரவரியில் ஓட்டகர் டிராம் நிறுத்தத்துப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் புது இடுப்பு வைத்து, ஊற்றுநீர்ச் சிகிச்சைக்கென்று மலையோர ஊர் ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது அவர் வரவில்லை என்பது மட்டும்தான். எங்களில் யாரும் யார் வீட்டுக்கும் போனதில்லை, போன் எண்ணும் வைத்துக்கொண்டதில்லை. வந்தால் இருக்கிறார். வராவிட்டால், வரவில்லை. முப்பது வருட நட்பு நீடித்ததற்கு அதுதான் காரணமென்று நினைக்கிறேன்.

மார்ச்சில் அவருடைய மகள் வியெரா கடைக்கு வந்தாள். கறுப்புக் கோட்டு. கண்கள் சிவந்திருந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அப்பாவோட குவளைய எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள்.

ஹினெக் தலை தாழ்த்தினார். "அது வெளியே போற வழக்கமில்லை, அம்மா. இங்கயே பத்திரமா இருக்கும்."

"சரி, இருக்கட்டும்" என்றாள். அந்தக் கடையில் தேவைக்கு மேல் ஒரு நிமிடம் நிற்க அவளுக்கு எப்போதுமே பிடிக்காது. போய்விட்டாள்.

பிறகுதான் தெரிந்தது, அவளுக்குக் கடுமையான ஜலதோஷம். கோட்டு அவளிடம் இருந்த ஒரே கோட்டு. சிகிச்சை ஊரில் கொடுத்த அலுமினியத் தம்ளரில் ஊற்றுநீர் துருவாடை அடிக்கிறது, என் குவளையைக் கொண்டுவா என்று ஓட்டகர் படுத்திக்கொண்டிருந்தாராம். ஒருவன் குவளையில் பீர் தவிர வேறொன்றை ஊற்றிக் குடிக்கக் கூடும் என்பது எங்களுக்கு எப்படித் தோன்றும்?

ஹினெக் ஏப்ரனை அவிழ்த்தார். எழுந்து நின்றோம். ஓய்வுபெற்ற ஓபரா கோரஸ் பாடகரான ப்ரோகோப், பல வருடமாகச் சேர்ந்தேதான் பாடியவர், தனியாகப் பாட ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததென்று கீழ்ஸ்தாயியில் ஒரு பாட்டைப் பாடினார். நன்றாகவே இருந்தது. மறுநாள் டெசாரெக் ஓட்டகரின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

டெசாரெக் டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். கழிப்பறை மேசையில் பதினோரு வருடம் காத்திருந்தார். முதல் நாள் புதுக்கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துவிட்டு, நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். ப்ரோகோப் அதைப் பார்த்து, "அவர் தொத்துநோயில போகலப்பா" என்றார்.

இப்படியாக மே மாதம் வந்தது. ஒரு பிற்பகல் கதவு திறந்தது. ஓட்டகர் உள்ளே வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார், ஆனால் நிறம் தேறியிருந்தது. வட்ட மேசையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் செய்த பற்களை அவரிடமே காட்டக் கூசினார்களோ என்னவோ.

நேராக வந்து தன் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அதில் ஒரு முதுகு இருந்தது.

"எந்திரிப்பா" என்றார்.

டெசாரெக் ஹினெக்கைப் பார்த்தார். ஹினெக் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் உறவினரிடம் பேசுகிற குரலில், "ஐயா, உங்களுக்கு எல்லாம் முறைப்படி செஞ்சாச்சு" என்றார்.

"என்ன செஞ்சாச்சு?"

"மூடியாச்சு."

ஓட்டகர் நிமிர்ந்து மேல்தட்டைப் பார்த்தார். நீலக்கோடு போட்ட அவருடைய குவளை, வரிசையின் கடைசியில் தலைகீழாக இருந்தது.

"நான் சாகல."

"அத நான் மறுக்கல, ஐயா. ஆனா குவளை கவிழ்ந்தாச்சே."

"எந்திரிச்சு நின்னோம்யா" என்றார் ப்ரோகோப், குற்றம்சாட்டுகிற தொனியில். "எனக்கு முழங்கால் வேற."

கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. ஓட்டகர் ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்றார். ஹினெக் ஒவ்வொன்றுக்கும் 'புரியுது ஐயா' என்றார். இரண்டு படையெடுப்புகள், ஒரு தேசியமயமாக்கல், ஒரு பெருவெள்ளம் எல்லாவற்றிலும் தளர்த்தாத விதி அது. உயிரோடு இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்குத் தளர்த்தினால் நாளைக்கு எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டு வருவார்கள் என்பது ஹினெக்கின் கட்சி. அதில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியவில்லை. நாங்கள் யாருமே சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"உக்காரணும்னா ஜன்னலோரம் காலியா இருக்கு" என்றார் ஹினெக்.

ஜன்னலோரம் சுற்றுலாப் பயணிகளுடையது. ஓட்டகர் வெளியேறிவிடுவார் என்று எதிர்பார்த்தோம். இந்த ஊரில் இருபதடிக்கு ஒரு பீர்க்கடை. ஆனால் வேறு கடையில் அவர் யார்? கைத்தடி வைத்த ஒரு கிழவர். அவருடைய 'இல்லை' யாரிடமிருந்து வருகிறதென்று தெரிந்த ஐந்தாறு பேர் உலகத்தில் அந்த வட்ட மேசையில்தான் இருந்தார்கள். ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். புதிதாக வந்திருந்த பணியாளர் பெண், நாலு மொழியில் படம் போட்ட மெனுவை அவர் முன்னால் விரித்து, மாவுருண்டையைத் தொட்டுக் காட்டி, இது எங்கள் ஊர்ப் பதார்த்தம் என்று மெதுவாக, சத்தமாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் வந்தார். தன் சொந்தக் கடைக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவரைப் போல வந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். முப்பது வருடத்தில் அவர் அந்தக் கூரையையும், அதில் வரைந்திருக்கும், கடைக்குப் பெயர் தந்த கெண்டையையும் பார்த்ததே கிடையாது. வட்ட மேசையில் யாரும் மேலே பார்ப்பதில்லை, எதிரில் இருப்பவனைப் பார்க்கவே நேரம் போதாது.

ஒருநாள் ப்ர்னோவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியைகள் ஒரு குழுவாக வந்தார்கள். வழிகாட்டி இளைஞன் குடையை உயர்த்தி மேல்தட்டைக் காட்டினான். ஒவ்வொரு குவளைக்கும் ஒரு கதை வைத்திருந்தான். நீலக்கோடு போட்டதன் முறை வந்தபோது, அது அரண்மனைப் பல் வைத்தியருடையது என்றும், மகாராணியின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர் என்றும், இந்தக் கடையில்தான் மாவுருண்டை தொண்டையில் சிக்கி உயிர்விட்டார் என்றும் சொன்னான்.

"இல்லை" என்றது ஜன்னலோரம்.

"உங்களுக்குத் தெரியுமா, ஐயா?"

"அது என்னோட குவளை."

ஆசிரியைகள் சிரித்தார்கள். ஒருத்தி அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து வழிகாட்டியின் கதையில் ஓட்டகரும் சேர்ந்துவிட்டார். கடைசியில் குடை ஜன்னலோரம் திரும்பும். கடையின் ஆவி அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பான். எல்லோரும் கை தட்டுவார்கள். ஹினெக் ஆட்சேபிக்கவில்லை, வியாபாரம் கூடியிருந்தது. ஓட்டகர் மட்டும் கைதட்டல் முடியும்வரை பீரைத் தொடாமல், வட்ட மேசைப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம். அது நினைத்ததைவிடக் கடினமான வேலை.

இதற்கிடையில் எங்கள் மேசையில் ஒரு நோய் பிடித்திருந்தது. டெசாரெக் நல்ல மனிதர், எல்லாவற்றுக்கும் உடன்படுவார். ப்ரோகோப் தான் ஒருமுறை முக்கியப் பாடகரின் இடத்தில் நின்று பாடவிருந்த கதையை ஆரம்பிப்பார். ஓட்டகர் இருந்தபோது அது ஒரு மாலைப்பொழுது முழுக்க ஓடும். அவர் ஒவ்வொரு வரியையும் மறுப்பார், ப்ரோகோப் சத்தியம் செய்வார், சாட்சி கூப்பிடுவார். இப்போது முதல் வரியிலேயே டெசாரெக், "உண்மதாங்க, நீங்கதான் பாடியிருக்கணும்" என்பார். கதை அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு எல்லோரும் பீரைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

போதாக்குறைக்கு ப்ரோகோப்பின் மேல்வரிசைப் பல் தளர்ந்துவிட்டது. பேசினால் டக்டக்கென்று தாளம் விழும். முன்பென்றால் ஓட்டகர் பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்து, கைக்குட்டையை விரித்து, மேசையிலேயே சரிசெய்து கொடுத்துவிடுவார். இப்போது ஜன்னலோரம்வரை அந்தத் தாளம் கேட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூனில் ஒருநாள் அவர் எழுந்து ஹினெக்கிடம் போய், வரிசையில் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டார். ஹினெக் நெடுநேரம் யோசித்தார். காலமானவர் வரிசையில் நிற்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. அப்படி ஒருவர் கேட்பாரென்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. வரிசையிலும் வேறு ஆள் இல்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கும் காத்திருக்கப் பொறுமையில்லை.

"கொஞ்ச காலம் ஆகும், ஐயா" என்றார் ஹினெக். சொல்லிவிட்டு எங்கள் மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார். இருமிக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

இப்படி ஓட்டகர் கழிப்பறைக் கதவோரத்துக்குக் குடிபெயர்ந்தார். எழுபத்தொரு வயது, ஒரு புது இடுப்பு, பதினோரு வருடம் வரை போகக்கூடிய காத்திருப்பு. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அட்டையை மட்டும் விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு டெசாரெக் அடிக்கடி கழிப்பறைக்குப் போக ஆரம்பித்தார். வயதானால் சகஜம் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் நான் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தபோது, கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது.

"இங்க காத்து நல்லா வருது, இல்லீங்களா?"

"இல்லை."

"அங்க கணப்புப் பக்கத்துல உக்காந்தா முதுகு வேகுது. ஜூன் மாசத்துலயும் ஏன்தான் பத்தவைக்கிறாங்களோ."

அட்டை மேசையில் சுழலும் சத்தம் கேட்டது.

"இந்த இடத்துல எனக்கு ஒரு மரியாத இருந்துச்சுங்க" என்றார் டெசாரெக். "கடையில யாரா இருந்தாலும் இந்தப் பக்கம் வந்துதானே ஆகணும். போறப்பவும் வணக்கம், வர்றப்பவும் வணக்கம். வரிசையில மொத ஆளு நான். அங்க போனா நான் கடைசி ஆளு. உப்பு எடுத்துக் குடு, கதவ சாத்துன்னு... ஆசப்பட்டது என்னவோ நெசந்தான். உக்காந்தப்புறந்தான் தெரிஞ்சுது, எனக்குப் பிடிச்சிருந்தது காத்துக்கிட்டு இருந்தது."

குழாயை நிறுத்திவிட்டு நான் நின்றேன்.

"வணக்கம் சொல்றாங்கதான்" என்றார் ஓட்டகர். அவர் வாயில் ஆமாம் என்பதற்கு அவ்வளவு நெருக்கமாக எதையும் நான் கேட்டதில்லை.

"சும்மா எழுந்து வந்துரலாம்னா ஹினெக் விடமாட்டாரு. கேட்டுப் பாத்துட்டேன். அந்த நாற்காலி காலியாக ஒரே வழிதான் இருக்குங்கறாரு."

இரண்டு நாள் கழித்து டெசாரெக்கின் மனைவி பிளாஷேனா கடைக்குள் வந்தாள். தேவாலயத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டு. கையில் சந்தைப் பை, அதிலிருந்து வெங்காயத்தாள் எட்டிப் பார்த்தது. நேராக ஹினெக்கிடம் போனாள்.

"எங்க வீட்டுக்காரரோட குவளைய வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஹினெக் கொக்கியைப் பார்த்தார். காலி.

"அது அவர் கையில இருக்கு, அம்மா."

"அதுதான்."

டெசாரெக் குவளையில் வாய் வைத்தபடி அப்படியே இருந்தார். ஹினெக்கின் முகத்தை அந்த ஒரு முறைதான் அப்படிப் பார்த்திருக்கிறேன். ஆள் உயிரோடு இருக்கிறார், ஆகையால் செல்லாது என்று இப்போது சொன்னால், மார்ச்சில் செய்ததும் செல்லாது. மார்ச்சில் செய்தது செல்லுமென்றால் இதுவும் செல்லும். தவிர, துக்கத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்பது நாகரிகமல்ல. பிளாஷேனாவின் முகத்தில் துக்கம் இருந்ததா என்றால், கால் வலிக்கிறது, சீக்கிரம் முடியுங்கள் என்பது இருந்தது. அதுவும் ஒரு வகைதான்.

ஹினெக் ஏப்ரன் முடிச்சில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு அவிழ்த்து, மடித்து, பீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

டெசாரெக் மீதியை ஒரே மூச்சில் குடித்து, வாயைத் துடைத்து, குவளையை நீட்டினார். ஹினெக் அதைக் கழுவி, நிறைத்து, மேசைக்குக் கொண்டுவந்தார். நாங்கள் எழுந்தோம். டெசாரெக்கும் எழுந்தார், எழுந்தால்தானே நாற்காலி காலியாகும். அட்டை குவளைமேல் உட்கார்ந்தது. ப்ரோகோப் பாடினார், பல் தாளம் போட்டது. டெசாரெக் தலையைக் குனிந்து கைகட்டி நின்றார், கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது. தன்னிடம் இவ்வளவு மரியாதையாக யாரும் நடந்துகொண்டு அவர் பார்த்ததில்லை.

"ராத்திரி சாப்பாட்டுக்கு லேட்டா வந்தா சூடு பண்ணித் தர மாட்டேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு பிளாஷேனா வெங்காயத்தாளோடு போனாள்.

டெசாரெக் மேசையைச் சுற்றிக் கை கொடுத்து விடைபெற்றுக்கொண்டு, கழிப்பறைக் கதவோரம் நடந்தார். அங்கிருந்து ஓட்டகர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். இருவரும் நடுவழியில் எதிர்ப்பட்டார்கள். பரிசோதகர் ஒதுங்கி வழிவிட்டார்.

"வரிசையில அடுத்தது நீங்கதான், ஐயா" என்றார் ஹினெக்.

ஓட்டகர் உட்கார்ந்தார். மூடிய குவளை அவருக்கு முன்னால் இருந்ததால், அவருடைய பீரைப் பக்கத்தில் சாதாரணக் கண்ணாடிக் குவளையில் வைத்தார்கள். அவர் இப்படியும் அப்படியும் அசைந்தார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"குழி மாறிப்போச்சு" என்றார். "யாரோ தப்பா உக்காந்திருக்காங்க."

ப்ரோகோப் மெதுவாக மேல்வரிசைப் பல்லைக் கழற்றி, கைக்குட்டையில் வைத்து நகர்த்தினார். ஓட்டகர் பையிலிருந்து அரத்தை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ராவிக்கொண்டே, பேச்சுவாக்கில், "கெண்டைக்கு ஒரு கண்ணு இருக்கு" என்றார்.

"எந்தக் கெண்டைக்கு?"

"மேல வரைஞ்சிருக்கே, அதுக்கு. ஜன்னலோரம் உக்காந்தா தெரியும்."

"போய்யா" என்றார் ப்ரோகோப், பொக்கைவாயால். "குருட்டுக் கெண்டைன்னுதான கடைக்குப் பேரு. நானூறு வருஷமா இருக்கற பேரு."

"இல்லை."

"ராஜா வந்து பாத்த மீனு அது. அவருக்குத் தெரியாத கண்ணு உனக்கு எங்கேருந்து தெரிஞ்சுது?"

"ராஜாவும் வரல."

அவ்வளவுதான். ப்ரோகோப் பல் இல்லாமலே எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார். இன்னொருவர், விளக்கு மறைக்கிறது, நாற்காலிமேல் ஏறிப் பார்க்கலாம் என்றார். ஏற யாருக்கும் முழங்கால் சரியில்லை. கழிப்பறைக் கதவோரத்திலிருந்து டெசாரெக், அது கண்ணில்லை, ஆணி அடித்த ஓட்டை, பதினோரு வருடமாகத் தான் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தயக்கத்தோடு சொன்னார். ஓட்டகர் ராவுவதை நிறுத்தி, அவர் பக்கம் திரும்பி, நிதானமாக, "இல்லை" என்றார். ஹினெக் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே அடுத்த சுற்றை எடுத்துக்கொண்டு வந்தார்.